நாற்பத்தொன்றாவது வாக்குமூலம்

ஜனவரி 6, திங்கள்

அரசாணை வந்துவிட்டது. மாவட்டம் இரண்டாகிறது. அதனால் போலீஸும் இரண்டாகிறது. புது மாவட்டத்துக்குத் தனி எஸ்.பி., மூன்று உட்கோட்டங்கள், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் புது எல்லை. எல்லாம் ஏப்ரலுக்குள் முடியவேண்டுமாம்.

புது மாவட்டத்துக்குத் தனி அதிகாரியாக வந்திருக்கும் ரஹ்மத்துல்லா சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆலடியூர் ஸ்டேஷன் ரைட்டர் குணவதி நீங்கதானே?"

"ஆமா சார்."

"பழைய எல்லைப் பதிவேடெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்னு சொல்றாங்க. மூணு மாசம் எல்லைக் குழுவுல இருங்க."

பதினேழு வருடச் சர்வீஸ். ஆலடியூரில் இது இரண்டாவது முறை. முதல் முறை வரவேற்பு மேசையில் இருந்தேன், இப்போது ரைட்டர். ஸ்டேஷனில் தினமும் மற்றவர்களுக்கு நடந்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மூன்று மாதம் எனக்கு நடப்பதையும் எழுதிப் பார்க்கலாம் என்று வரும் வழியில் இந்த நோட்டை வாங்கினேன்.

ஜனவரி 9, வியாழன்

ஜீப், லத்தி, நாற்காலி, வயர்லெஸ் செட், எல்லாவற்றையும் பாகப்பிரிவினை செய்துகொண்டிருக்கிறோம். பெரிய சண்டை மோப்ப நாய் ரோஜாவுக்குத்தான். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ரஹ்மத்துல்லா சார் நாயைப் பழக்கும் காவலரைக் கேட்டார். "என் வீடு புது மாவட்டத்துல இருக்குது சார், ரோஜா என்னை விட்டு எங்கயும் சாப்பிடாது" என்றார் அவர். ரோஜா எங்களுக்கு வந்தது. அரை நாள் முழுக்க அதற்கே போனது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லீவு இல்லை. என் கணவர் சம்பந்தம் தானே பொங்கல் வைத்தார். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிற மனிதருக்கு அடுப்பில் மட்டும் அளவு தெரியாது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தோம். சேந்தமலையில் ஏழு ஊர்கள். அவை மூன்று ஸ்டேஷன்களுக்குப் பிரிந்து கிடக்கின்றன. இரண்டு ஊர் ஆலடியூருக்கு, மூன்று கரடிக்குட்டைக்கு, இரண்டு சின்னேரிக்கு. மூன்று ஸ்டேஷனும் மலைக்குக் கீழே. உச்சியில் உள்ள கல்லுவாசலிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் இறங்கவேண்டும்.

"மலைக்குன்னு தனி ஸ்டேஷன் ஏன் இல்லை?" என்று கேட்டார் சார்.

எங்கள் இன்ஸ்பெக்டர் தேவசகாயம் சிரித்தார். "ஏழு ஊரும் சேர்ந்து வருஷத்துக்கு நாலு கேஸ் சார். ரொம்ப அமைதியான சனங்க. அங்க ஸ்டேஷன் வெச்சா ஈ ஓட்டணும்."

சார் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"பதிவேட்டுல நாலுதான் சார்."

"பதிவேட்டுல ஏறாதது?"

நான் வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை நீவினேன். சார் அதைப் பார்த்துவிட்டு, "நீங்களே மேல போய் விசாரிச்சுட்டு வாங்க. வீடு வீடா கேளுங்க. பிப்ரவரி இருபத்தெட்டு டி.ஐ.ஜி. வர்றார். ஆதாரம் இல்லாம அவர்கிட்ட ஸ்டேஷன் கேட்க முடியாது" என்றார்.

வேறு யாரையாவது அனுப்பலாமே என்று சொல்லப் பார்த்தேன். வரைபடத்தைச் சுருட்டினேன்.

ஜனவரி 20, திங்கள்

மினிபஸ்ஸில் மேலே போனேன். வழிகாட்ட அங்கன்வாடி பணியாளர் ஒருத்தியை அமர்த்தியிருந்தார்கள். பூங்காவனம். இருபத்தேழு வயது இருக்கும். வலது காலைச் சற்று இழுத்து நடக்கிறாள், ஆனாலும் ஏற்றத்தில் நான்தான் பின்தங்கினேன்.

யூனிபார்மைக் கண்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. பதினொரு வீடு ஏறி இறங்கினேன். "ஒரு குறையும் இல்லீங்கம்மா" என்பதே எல்லா வாசலிலும் பதில்.

"நாளைக்குச் சேலையில வாங்க மேடம்" என்றாள் பூங்காவனம்.

ஜனவரி 23, வியாழன்

சேலைக்குப் பலன் இருந்தது. முதலில் ஒரு பெரியவர், மாரப்பன். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய நான்கு மாடுகள் களவு போயின.

"ஆலடியூர் போனேன். மாடு மேஞ்ச எடம் கரடிக்குட்டைன்னாங்க. கரடிக்குட்டை போனேன். என் வீடு சின்னேரின்னாங்க. சின்னேரி போனேன். மாடு எந்தப் பக்கம் எறங்குச்சோ அந்த ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுன்னாங்க. மாடு எந்தப் பக்கம் எறங்குச்சுன்னு தெரிஞ்சா நானே புடிச்சிருக்க மாட்டனா?"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் எழுதிக்கொண்டேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "என்னதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள். அவள் கதையில் யாரும் சிரிக்கவில்லை. புருஷன் கையை முறித்திருக்கிறான். முறிந்த கையோடு இரண்டு ஸ்டேஷன் ஏறி இறங்கியிருக்கிறாள்.

இன்று மூன்று வாக்குமூலம்.

பிப்ரவரி 1, சனி

இருபத்தொன்பது வாக்குமூலம் ஆயிற்று. காலில் இரண்டு கொப்புளம்.

எல்லோருக்கும் அந்த வாக்கியம் தெரிந்திருக்கிறது. நான் பேனாவை எடுக்குமுன் சொல்லிவிடுகிறார்கள்: "எங்க லிமிட் இல்லன்னுட்டாங்க." எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட "லிமிட்" என்ற சொல்லைச் சரியாக உச்சரிக்கிறாள்.

பூங்காவனம் கெட்டிக்காரி. யார் பயப்படுகிறார்கள், யார் மிகைப்படுத்துகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறாள். தேதி மறந்தவர்களுக்கு, "உங்க பேத்தி அங்கன்வாடியில சேர்ந்த வருஷமா, அதுக்கு முன்னாடியா?" என்று கேட்டு எடுத்துக்கொடுக்கிறாள். போலீஸில் சேர்ந்திருக்கலாமே என்றேன். "காலு ஒத்துக்காது மேடம்" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

முப்பத்தாறு. இறங்கும்போது பூங்காவனம் சொன்னாள்: "எங்கம்மாவும் ஒண்ணு சொல்லணும்னு இருக்குது மேடம். கல்லுவாசல்ல மேல் வீடு. தீர்த்தம்மான்னு பேரு."

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தலைமை அலுவலகத்தில் வேலை இருந்தது. மேலே போகவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

தொம்பரை என்ற மலையூரில் நான்கு பேர். மொத்தம் நாற்பது. கல்லுவாசல் போக நேரமில்லை.

பிப்ரவரி 8, சனி

குக்கர் ரப்பர் மாற்றினேன். அலமாரியை ஒழுங்கு செய்தேன். போன மாதம்தான் ஒழுங்கு செய்தாயே என்றார் சம்பந்தம்.

பிப்ரவரி 10, திங்கள்

தீர்த்தம்மாவின் வாக்குமூலம் எழுதினேன். எண் 41. ஒரு பக்கம். கடுங்காப்பி கொடுத்தார்கள், வெல்லம் தூக்கலாக இருந்தது. பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.

பிப்ரவரி 12, புதன்

வாக்குமூலங்கள் அனைத்தையும் கணினியில் ஏற்றி அச்செடுத்துத் தைத்தாயிற்று. மொத்தம் நாற்பது.

தேவசகாயம் சார் வந்து புரட்டிப் பார்த்தார். "ஸ்டேஷன் பேர்தான் இருக்குது. ஆளுங்க பேர் எதுவும் இல்ல. நல்லவேளை. நாளைக்கு யாருக்கும் தலைவலி வராது" என்றார். போகும்போது, "நீயும் இந்த டிபார்ட்மென்ட்ல இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கணும் பாரு" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19, புதன்

பூங்காவனம் போன் செய்தாள். "எங்கம்மா தினமும் கேக்குது மேடம். நாப்பத்தொண்ணையும் பெரிய ஆபீசர்கிட்ட குடுத்தாச்சான்னு."

"ஆச்சு" என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

லீவு நாள். காலை முதல் பஸ்ஸில் கல்லுவாசலுக்குப் போனேன். பூங்காவனம் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"நாற்பதுதான் கொடுத்தேன்" என்றேன். "உங்கம்மாவோடதை வைக்கலை."

"தெரியும் மேடம்."

"எப்படி?"

"போன்ல உங்க கொரல்லயே தெரிஞ்சுது."

"அன்னைக்கு மேசையில இருந்தது நான்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நீங்க பஸ்ல இருந்து எறங்கறப்பவே அம்மா அடையாளம் கண்டுபுடிச்சிடுச்சு. உங்க நெஞ்சில குத்தியிருந்த பேரை அன்னைக்கு எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்குது. மறக்கலை."

"அப்புறம் ஏன் என்கூட அத்தனை ஊருக்கும் நடந்தே?"

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் முதல் முறையாகப் பார்த்தேன். "வேற யாரு எங்களை வந்து கேட்டாங்க? உங்களைப் பழி வாங்கணும்னா அம்மா அந்தக் கடுங்காப்பியை உங்க மூஞ்சியில ஊத்தியிருக்கும். எங்களுக்கு ஸ்டேஷன் வேணும் மேடம். இங்க இன்னும் பொண்ணுங்க பொறந்துக்கினு இருக்குது."

இப்போது எழுதிவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன், மில் வேலை என்று சொல்லி ஓர் ஆள் பதினாறு வயதுப் பெண்ணை அழைத்துப்போனான். மூன்று நாள் தகவல் இல்லை என்று தாய் ஆலடியூர் ஸ்டேஷனுக்கு வந்தாள். வரவேற்பு மேசையில் இருந்தவள் ஊர்ப் பெயரைக் கேட்டாள். கல்லுவாசல் என்றதும், அது எங்க லிமிட் இல்ல, கரடிக்குட்டைக்குப் போ என்றாள். கரடிக்குட்டையிலும் எழுதவில்லை என்று நான்கு நாள் கழித்து அந்தத் தாய் மறுபடி வந்தாள். மேசையில் இருந்தவள் மறுபடியும் அதையே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் பெண் மில் சுவரேறிக் குதித்து, இடுப்பெலும்பு உடைந்து வீடு வந்து சேர்ந்தாள்.

நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எழுதினேன். அது பொய். இரண்டாம் முறை பார்த்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டி.ஐ.ஜி. பத்து மணிக்கு வந்தார். நாற்பது வாக்குமூலங்களையும் பொறுமையாகப் புரட்டினார். தேவசகாயம் சார் எழுந்து, "ஐயா, இது எல்லாமே ஒரு பக்கத்துப் பேச்சு. யாரையும் நாங்க திருப்பி அனுப்பினது கிடையாது. வந்திருந்தா எழுதியிருப்போம்" என்றார். மற்ற இரண்டு இன்ஸ்பெக்டர்களும் தலையாட்டினார்கள்.

டி.ஐ.ஜி. ரஹ்மத்துல்லா சாரைப் பார்த்தார். "இதை வெச்சு நான் எப்படிப் புது ஸ்டேஷன் கேட்பேன்? திருப்பி அனுப்பினாங்கன்னு சனங்க சொல்றாங்க. இல்லைன்னு போலீஸ் சொல்லுது. அனுப்பினேன்னு ஒரு போலீஸ்காரராவது சொல்றாரா?"

கோப்பை மூடப்போனார்கள்.

நான் எழுந்தேன். பையிலிருந்த தாளை எடுத்தேன்.

"ஐயா, நாற்பத்தொன்றாவது வாக்குமூலம் ஒண்ணு இருக்குது. அனுமதி கொடுத்தா வாசிக்கிறேன்."

வாசித்தேன். 'என்னை இரண்டு முறையும் திருப்பி அனுப்பியவர் பெயர் குணவதி. அப்போது அவர் அந்த ஸ்டேஷனில் பெண் காவலர்' என்ற வரி வந்தபோது டி.ஐ.ஜி. நிமிர்ந்தார்.

"இந்தக் குணவதி யாரு?" என்றார் டி.ஐ.ஜி.

"நான்தான் ஐயா. அந்தம்மா சொன்னது அத்தனையும் உண்மை. திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் எனக்கு எழுத்துல உத்தரவு போடலை. அப்படித்தான் செய்யணும்னு வந்த முதல் வாரத்துலயே கத்துக்கிட்டேன். மலையில வருஷத்துக்கு நாலு கேஸ்னு பதிவேடு சொல்லுது. அந்தப் பதிவேட்டை எழுதினவளும் நான்தான்."

தேவசகாயம் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டி.ஐ.ஜி. கையை நீட்டித் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இதனால உங்க மேல நடவடிக்கை வரும். தெரியுமில்லையா?"

"தெரியும் ஐயா."

அவர் அந்தத் தாளைக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். பசித்தது. கேன்டீனில் நான்கு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். பதினோரு வருடத்தில் இவ்வளவு பசித்ததில்லை.

மார்ச் 3, திங்கள்

துறை நடவடிக்கைக்கான சார்ஜ் மெமோ வந்தது. ரஹ்மத்துல்லா சாரே கையில் கொடுத்தார். "கொடுக்காம இருக்க முடியாதும்மா."

"கொடுங்க சார். பதினோரு வருஷம் லேட்டா வந்திருக்குது, அவ்வளவுதான்."

மார்ச் 5, புதன்

எதிர்பாராதது நடந்தது. கரடிக்குட்டையிலிருந்து ஏட்டு ஒருவர், வேலாயுதம், என் மேசைக்கு வந்தார். மடித்த தாள் ஒன்றை வைத்தார். "நானும் மூணு பேரை அனுப்பியிருக்கேன்மா. தேதியோட எழுதியிருக்கேன். உன்னுதோட சேர்த்துடு." மதியம் சின்னேரியிலிருந்து ஒருவர். சாயங்காலம், ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர் போன் செய்து, தனக்கு பென்ஷன் போனாலும் பரவாயில்லை, தன் பெயரையும் போடச் சொன்னார்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று இன்னும் இரண்டு தாள் வந்தது. ஆறாவதைக் கொடுத்தவர் தேவசகாயம் சார். தாளை வைத்துவிட்டு, "நல்ல எழுத்தா டைப் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது!

புது மாவட்டத்தின் மூன்றாவது உட்கோட்டத்தில் 'சேந்தமலை காவல் நிலையம்'. ஏழு ஊர்களும் ஒரே எல்லைக்குள். பூங்காவனத்துக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தைகள் கூச்சல். அங்கன்வாடியில் எல்லோருக்கும் சத்துமாவு உருண்டையை இரண்டிரண்டாகக் கொடுத்துவிட்டாளாம்.

இரண்டாம் பக்கத்தில் என் பெயர். அந்த ஸ்டேஷனுக்கு ரைட்டராக மாற்றம். அலுவலகத்தில் சிலர் தண்டனை என்று அனுதாபப்பட்டார்கள். சாரிடம் கேட்டேன். "தண்டனையா நெனச்சா ரத்து பண்ணிடறேன்" என்றார். வேண்டாம் சார் என்று அவசரமாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

வீட்டில் சம்பந்தத்திடம் சொன்னேன். "மேல கரண்ட் அடிக்கடி போகும். இன்வெர்ட்டர் நான் வந்து மாட்டித் தர்றேன்" என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு இன்று சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 24, திங்கள்

பழைய கூட்டுறவுக் கட்டடத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளையடிக்க ஊரே வந்துவிட்டது. மாரப்பன் பெரியவர் ஏணியில் ஏறி, சொன்னதைக் கேட்காமல் கூரை ஓடு மாற்றினார். பெயர்ப்பலகையில் ஏழு ஊர்களின் பெயரையும் எழுதவேண்டும் என்று பெண்கள் பிடிவாதம். அப்படி வழக்கமில்லை. எழுதிவிட்டோம்.

ஏப்ரல் 2, புதன்

திறப்பு விழா. பெரியவர்கள் பேசினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், பதினோரு மணிக்குக் கார்கள் கீழே இறங்கின. அதன் பிறகுதான் உண்மையான திறப்பு விழா. வாசலில் வரிசை நின்றது.

முதல் ஆளாக உள்ளே வந்தவர் தீர்த்தம்மா. எழுந்து நின்றேன்.

"உக்காருங்கம்மா" என்றேன்.

"நீயும் உக்காரு. நின்னுக்கினே எப்படி எழுதுவ?"

இருவரும் உட்கார்ந்தோம். பழையதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் புது விஷயம் கொண்டுவந்திருந்தார்.

"அதே ஆளு. கஜேந்திரன். போன வாரம் ஈச்சங்காட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கான். மில்லு வேலைன்னு சொல்லி ரெண்டு பொண்ணுங்க வீட்டுல பேசிட்டான். ஒண்ணுக்குப் பதினஞ்சு, ஒண்ணுக்குப் பதினாலு."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். 'கஜேந்திரன் என்கிற நபர்' என்று எழுதியிருந்ததைக் கேட்டு, "நபரு கிபருன்னு அவனுக்கு மரியாதை எதுக்கு?" என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதணும் அம்மா என்றேன். "சரி, எழுதிக்கோ" என்று எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். ரசீதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சேந்தமலை காவல் நிலையம், குற்ற எண் 1.

ஏப்ரல் 9, புதன்

காலை ஏழேகாலுக்குப் பூங்காவனம் ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. "ரெண்டு பொண்ணுங்களும் வீட்டுல இல்ல மேடம்! ஆறரை பஸ்ல ஏத்திட்டான்!"

வயர்லெஸ் மைக்கை எடுத்தேன். பஸ் அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்ட இன்னும் இருபது நிமிடம். அந்தச் சாவடி ஆலடியூரைச் சேர்ந்தது. அங்கிருந்து பேசிய காவலர் புதியவர். "மேடம், கேஸ் யாரோட லிமிட்டு? நாங்க நிறுத்தலாமா?"

நான் வாய் திறக்குமுன் குறுக்கே இன்னொரு குரல் வந்தது. ஜீப்பிலிருந்து தேவசகாயம் சார். "முதல்ல பஸ்ஸை நிறுத்துடா! லிமிட்டு கிமிட்டெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன்!"

நிறுத்தினார்கள். கடைசி இருக்கையில் கஜேந்திரன். பக்கத்தில் இரண்டு பெண்கள், மடியில் துணிப்பையோடு.

பத்து மணிக்குப் பெண்களை மேலே கூட்டிவந்தோம். ஸ்டேஷன் வாசலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தாய்மார்கள் பாய்ந்து கட்டிக்கொண்டார்கள். யாரோ குலவை போட்டார்கள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காவல் நிலைய வாசலில் குலவைச் சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. தீர்த்தம்மா கூட்டத்தில் இல்லை. பூங்காவனம்தான் இருந்தாள். இருவரில் சின்னவளின் இரண்டு கால்களையும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "அக்கா" என்றாள்.

ஏப்ரல் 21, திங்கள்

மெமோவுக்கு முடிவு வந்தது. கண்டனம், பணிப் பதிவேட்டில் ஏறும். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 30, புதன்

மாதாந்திர அறிக்கை அனுப்பினேன். மதியமே ரஹ்மத்துல்லா சார் போன்.

"என்னம்மா இது? வருஷத்துக்கு நாலு கேஸ் வந்த மலையில ஒரே மாசத்துல முப்பத்தேழு. புது ஸ்டேஷன் வந்ததும் குற்றம் கூடிடுச்சான்னு மேல இருந்து கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"கூடலைன்னு சொல்லுங்க சார். இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்கோம்."

அவர் சிரிப்பது கேட்டது. "இதையே எழுத்துல அனுப்பு. நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பறேன்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். பெஞ்சில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அடுத்தவரை முன்னால் வந்து உட்காரச் சொன்னேன்.